ஜூலைப் பரீட்சை

தோற்ற அணிக்காரனோடு குடும்பம் நடத்திவிடலாம். ஜெயித்தவனோடு நடத்துவதுதான் கஷ்டம். இரண்டையும் செய்து பார்த்தவள் சொல்கிறேன். தோற்றால் அந்த வருஷம் அதோடு முடிந்துவிடும். ஜெயித்தால் முடியவே முடியாது.

பிப்ரவரியில் எங்கள் டொலீடோ நாரைகள் அமெரிக்கக் கால்பந்தில் சாம்பியன் ஆனார்கள். பனி கொட்டக் கொட்ட ஊர்வலம் போனது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறியவர்களை இறக்கத் தீயணைப்பு வண்டி வந்தது. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள். அன்றிலிருந்து என் நாற்காலியில் சாய்ந்த ஒவ்வொருவரும், வாய்க்குள் என் இரண்டு கையும் இருக்கும்போதே, கடைசி நிமிட ஆட்டத்தை எனக்கே விவரித்தார்கள். நான் அந்த ஆட்டத்தின் சென்டரைக் கட்டிக்கொண்டவள் என்று தெரிந்தும் விவரித்தார்கள்.

என் புருஷன் கோல்ட்டன் ஸ்ட்ராக்தான் அந்த சென்டர். நடுவில் குனிந்து நின்று, முட்டை வடிவப் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே எதிரில் நிற்கும் மலை மீது மோதுகிறவன். பந்தை வாங்கி எறிகிறவன் படம் பத்திரிகையில் வரும். கோல்ட்டின் முதுகு வரும். ஆனால் மோதுவதற்கு முன் எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று கத்திச் சொல்வது அவன் வேலை. பதினோரு பேருடைய வேலையும் அவன் மண்டைக்குள் இருக்க வேண்டும். இருந்தது. கடைக்குப் போனால் சீட்டு எடுத்துப் போகமாட்டான். நான் வாய் தவறிச் சொன்னதைக்கூட எட்டு மாதம் கழித்து எடுத்துக் காட்டுவான். அந்த ஞாபகத்தோடு சண்டை போட்டு ஒரு தடவையும் நான் ஜெயித்ததில்லை.

ஜூலையில் பயிற்சி தொடங்கிய அன்று கோச் பெட்டிஸ் ஓர் உத்தரவு போட்டார். “போன வருஷம் எது நம்மள ஜெயிக்க வச்சுதோ, அதுல ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது, பசங்களா.” அதே பஸ், அதே இருக்கை, அதே ஓட்டல் அறை, சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அதே லசான்யா. மாறாமல் இருக்க முடியாத விஷயங்களும் இருந்தன. கோல்ட்டுக்கு இடது பக்கம் ஆறு வருஷம் தோளோடு தோள் நின்ற சியோனே வேறு அணிக்குப் போய்விட்டான். ஜெயித்த அணியிலிருந்து ஆட்களைக் கொத்திக்கொண்டு போவது எப்போதும் நடப்பதுதான். அவன் இடத்துக்கு டாப்ஸ் என்று ஒரு புதுப் பையன் வந்தான். அந்தப் பிள்ளையைச் சியோனேயின் பஸ் இருக்கையில் உட்காரவைத்து, சியோனே கொறித்த சூரியகாந்தி விதையை அவன் கையில் கொடுத்தார் கோச். டாப்ஸுக்கு அது ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கும். வீங்க வீங்கக் கொறித்தான்.

மனைவிமார்களும் தப்பவில்லை. பந்து எறிகிறவனின் மனைவி கேண்டிஸ் எங்களுக்கெல்லாம் தலைவி. போன வருஷம் யார் எந்த இருக்கையில் எந்த உடுப்பில் உட்கார்ந்தோமோ அப்படியே உட்கார வேண்டும் என்றாள். எனக்கு வாய்த்தது ஒரு சிவப்புக் கோட்டு. அந்த ஜூலையில் எனக்கு நான்கு மாதம். பனி விழும் காலத்தில் அந்தக் கோட்டுக்குள் நான் எப்படி நுழைவது என்று அவள் யோசிக்கவில்லை.

அதே ஜூலையில்தான் பரீட்சையும் நடந்தது. இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வருஷத்து ஆட்டங்கள் தொடங்குமுன் ஒவ்வொருவனையும் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து மூளையைச் சோதிப்பார்கள். வார்த்தைகளைக் காட்டி மறைத்து, என்னென்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். சிவப்பு வந்தால் ஒரு பொத்தான், பச்சை வந்தால் இன்னொன்று. அந்த மார்க்கைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். மார்க் குறைந்திருந்தால் வீட்டுக்குப் போ. குறையவில்லை என்றால் ஆடு.

இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, ஜூலையில் வேண்டுமென்றே மட்டமாகச் செய்வது. முதலிலேயே முட்டாளாக இருந்துவிட்டால் அப்புறம் அடிபட்டு முட்டாளானதை யார் கண்டுபிடிப்பது? பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கோல்ட்தான் டாப்ஸுக்குச் சொல்லிக் கொடுத்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அணி அணியாக உட்கார்ந்து வைத்துக்கொண்டார்கள்.

அன்று காரில் திரும்பும்போது கோல்ட்டுக்கு ஒரே குஷி.

“பாதி வார்த்தையை மறந்துட்டேன்னு சொன்னேன். பச்சை வந்தா மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுத்தான் அமுக்கினேன். டாக்டரம்மா என்னைப் பாவமா பார்த்தாங்க, ரோ.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு.”

“கேளு. கூடை, நத்தை, ஏணி, பாதிரி, வெண்ணெய்...” என்று ஆரம்பித்து, மறந்துவிட்டதாகச் சொன்ன அத்தனை வார்த்தையையும் வரிசை மாறாமல் ஒப்பித்தான். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒப்பித்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்ல நாள் அது.

செப்டம்பரில் தோற்க ஆரம்பித்தோம். தோற்கத் தோற்க கோச் இன்னும் இறுக்கினார். போன வருஷம் அந்த வாரம் மழை பெய்தது என்பதற்காக மைதானத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பயிற்சி கொடுத்தார். எல்லாரும் நனைந்துகொண்டு ஓடினார்கள். ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் தோல்விக்குக் கேட்டவன்தான் காரணம் ஆவான்.

டாப்ஸ் நல்ல பையன், ஆனால் ஆறு வருஷப் பழக்கம் ஆறு வாரத்தில் வருமா? அவன் பக்கம் ஓட்டை விழும்போதெல்லாம் கோல்ட் அங்கேயும் முட்டினான், இங்கேயும் முட்டினான். அக்டோபரில் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு துண்டைத் தொங்கவிட்டான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். சாப்பிடும்போதும் கறுப்புக் கண்ணாடி. “யாருக்கு பயந்து ஒளிஞ்சிருக்க, வங்கியைக் கொள்ளையடிச்சியா?” என்றேன். சிரித்தான். சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வந்தது.

ஒருநாள் பயிற்சி முடிந்து மணிக்கட்டில் சுற்றிய வெள்ளை நாடாவைக் கழற்றாமலே வந்துவிட்டான். அதில் பேனாவால் பொடிப் பொடியாக எழுதியிருந்தது. அவன் களத்தில் கத்திச் சொல்ல வேண்டிய வார்த்தைகள். தூக்கத்தில்கூட அவன் உளறக் கேட்டு எனக்கே மனப்பாடமான வார்த்தைகள்.

“இது என்ன?”

“டாப்ஸுக்கு. அவன் மறந்துடறான்.”

“அவனுக்குன்னா அவன் கையில இல்ல இருக்கணும்?”

நாடாவைப் பிய்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டான்.

அவனிடம் வாய்விட்டே கேட்டேன். “டாக்டர்கிட்ட போலாம்.” முடியாது என்றான். “போய் என்ன சொல்றது? பரீட்சை வைப்பாங்க. மார்க்கு சரியா இருக்கும். ஜூலைல ஏமாத்தினேன்னு சொல்லச் சொல்றியா? சொன்னா என்னோட நிக்காது. எல்லாரோடதையும் தோண்டுவாங்க. முன்வரிசைல ஒருத்தன் மிஞ்ச மாட்டான். நான் கேப்டன், ரோ.” புலி வாலைப் பிடித்த கதை. விடவும் முடியாது, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. எனக்கோ அந்த வால்கூடக் கையில் இல்லை. அவனுக்கு என்ன ஆகிறது என்று தெரியவேண்டும், தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருந்தது, அந்த வழியை அவனே ஜூலையில் அடைத்து வைத்துவிட்டான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. பனிக்காற்று ஏரியிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. நான் சிவப்புக் கோட்டில் கையை மட்டும் நுழைத்துக்கொண்டு என் போன வருஷத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மோதலில் கோல்ட்டின் தலை இரண்டு பேர் நடுவில் மாட்டியது. எழுந்தான். தன் இடத்துக்குச் சரியாகத்தான் போனான். குனிந்தான், பந்தின் மேல் கை வைத்தான். பின்னால் நின்றவன் குரல் கொடுத்தான். மறுபடி கொடுத்தான். பந்து வரவில்லை. மூன்றாவது தடவை கத்தினான். கோல்ட் பந்தைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றான், பந்தைக் கொடுக்க வேண்டும் என்பதே தெரியாதவன் போல. நடுவர் ஊதினார். கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் ஊளையிட்டது. பிப்ரவரியில் கம்பத்தில் ஏறிய அதே கூட்டம்.

கேண்டிஸ் என் பக்கம் திரும்பினாள். “நீ கோட்டுக்கு பட்டன் போடலடி. அதான்.”

“போடறேன்டி. உள்ள இருக்கறதைக் கொஞ்சம் கழட்டி உன் மடில வச்சுக்கறியா?”

மேலே கண்ணாடி அறையில் தலையில் அடிபடுகிறவர்களைக் கவனிக்கவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லி கோல்ட்டை வெளியே கூட்டிப் போனார்கள். புதன்கிழமை பரீட்சை என்றார்கள்.

புதன் காலை, துண்டு தொங்கும் சமையலறையில் அவனுக்கு முட்டை பொரித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“இன்னிக்கு நிஜமா பண்ணு.”

“என்னது?”

“நடிக்காத. உன்னால முடிஞ்ச மட்டும் பண்ணு.”

“பைத்தியமா உனக்கு? நிஜமா பண்ணா மார்க்கு எங்கயோ போயிடும். ஜூலைல ஏன் அவ்வளவு கம்மின்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். காய்ச்சல்னு சொல்லு. பொய் சொல்ல உனக்கு நான் சொல்லித் தரணுமா?” குரல் உடைந்துவிட்டது, மறைக்கவில்லை. “எனக்குத் தெரியணும், கோல்ட். நீ அங்க நடிக்கிறியா, நிஜமாவே இப்படி ஆயிட்டியான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. மார்க்கு மேல போச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை போய் எவனோட வேணும்னாலும் முட்டிக்கோ.”

முட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு பழைய சிரிப்புச் சிரித்தான். “மேல போறதைப் பார்த்து அந்த டாக்டரம்மா நாற்காலியிலேர்ந்து விழப் போறாங்க.”

“சத்தியம் பண்ணு.”

மேஜையைச் சுற்றி வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான். அவன் கை என் வயிறு அகலம். “சத்தியம். எல்லாத்தையும் ஒழுங்கா பண்றேன்.”

நான்தான் கார் ஓட்டிப் போனேன். அணியின் கட்டடத்தில் பரீட்சை வைக்கும் டாக்டர் மோஸின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவர் முழுக்கப் பிப்ரவரி வெற்றியின் படம். அதில் கோல்ட்டின் முதுகு இருந்தது. உள்ளே அவன் தனியாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். நான் கடவுளிடம் வேண்டினேன். புருஷனுக்கு மார்க் ஏறவேண்டும் என்று வேண்டுகிற நிலைமை எனக்கு வந்ததே என்று சிரிப்பும் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு சீட்டி அடித்தபடி வந்தான். கண்ணடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து, “முடிஞ்சுது. பிரமாதம்,” என்றான். எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் மோஸ் வந்தார். நடுத்தர வயது, எப்போதும் களைத்த முகம், நல்ல மனுஷி. “நல்ல செய்தி, கோல்ட்டன். ஜூலைல எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு. அச்சுல வார்த்த மாதிரி. ஞாயித்துக்கிழமை ஆடலாம்.”

கோச் பெட்டிஸ் எங்கிருந்துதான் வந்தாரோ, கை தட்டினார். “அப்படியே இருக்குன்னா என்ன அர்த்தம்? நாம மாறலைன்னு அர்த்தம்!”

நான் கோல்ட்டைப் பார்த்தேன். அவன் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கோச்சைப் பார்த்துச் சிரித்தான். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பிள்ளை மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு, உள்ளே போய் மறுபடி பச்சைக்கு மூன்று எண்ணியிருக்கிறான்! என் கண் முன்னால் சீட்டி அடித்துக்கொண்டு வந்தானே! எட்டு வருஷக் குடும்பத்தில் அவனை அவ்வளவு வெறுத்ததில்லை. எழுந்தேன். கோட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“டாக்டர், ஜூலைல இவன் வேணும்னே மட்டமா பண்ணினான். இன்னிக்கும் அதே மாதிரி பண்ணியிருக்கான். வீட்டுல வெளிச்சத்தைப் பார்க்க முடியல. கத்த வேண்டிய வார்த்தையைக் கையில எழுதிக்கறான். இவனை ஆட விடாதீங்க.”

டாக்டர் அவனைப் பார்த்தார். “இது உண்மையா?”

“என்ன ஜூலை?” என்றான் கோல்ட். கண்ணில் ஒரு குறும்புகூட இல்லை. “அவளுக்கு எட்டு மாசம், டாக்டர். ரொம்பப் பயப்படறா. நானும் சொல்லிப் பார்த்துட்டேன்.” என் தோளில் கை போட்டான். அவ்வளவு இதமாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன்.

“கையை எடு.”

எடுத்தான்.

டாக்டர் மோஸ் கையிலிருந்த பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பரீட்சை சரியா இருக்குன்னு சொல்லுது. ஆனா எட்டு மாசப் பொண்ணு இங்க வந்து நின்னு கத்தறது பரீட்சையில வராது.” கோச்சிடம் திரும்பினார். “ஞாயித்துக்கிழமை இவர் இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில முழுசா பார்க்கட்டும். ஹெல்மெட்டை என் அறையில கொண்டுவந்து வைங்க.”

கோச் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். “போன வருஷம் நீங்க இப்படிப் பண்ணலையேம்மா,” என்றார்.

கார் நிறுத்துமிடம் வரை கோல்ட் எனக்கு முன்னால் நடந்தான். காரில் ஏறியதும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருக்கையைப் பின்னால் தள்ளிப் படுத்தான். நான் ஜெயித்துவிட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டான். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. சாலைக்கு வந்ததும் கொட்டினேன்.

“டாக்டர்கிட்ட பொய் சொன்ன. போகட்டும். பசங்களுக்காகச் சொன்ன, அதுகூடப் புரியுது. என்கிட்ட பொய் சொல்ல எப்படிடா மனசு வந்துது? பிள்ளை மேல கை வச்சுட்டுப் போய் நடிச்சிருக்கியே. நான் வெளில உட்கார்ந்து சாமி கும்பிட்டேன்டா. நீ சீட்டி அடிச்சுட்டு வர்ற. எவ்வளவு நேரம் எண்ணின? மூணா? நாலா? எத்தனை வார்த்தையை மறந்த?”

இருக்கையை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

சிவப்பு விளக்கில் நிறுத்தினேன். அவன் கண்ணாடியைக் கழற்றினான். வெளிச்சத்துக்குக் கண் சுருங்கியது, ஆனாலும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“டாக்டர்கிட்ட சொன்னது பொய்தான்,” என்றான். “ஜூலை எனக்கு ஞாபகம் இருக்கு.”

“பரீட்சை?”

“நடிக்கல, ரோ.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாத்தையும் சரியா பண்ணிட்டேன்னு நினைச்சேன். அதான் சீட்டி அடிச்சுட்டு வந்தேன்.”

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுக்க எனக்குக் கால் வரவில்லை.